வரதன் கார்டில் ஒரு பேர்

எண்பதுகளின் தொடக்கம் அது. மலர்க்கொடி இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கத் தொடங்கியது காலை எட்டு மணிக்கு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கிளார்க் முத்துகிருஷ்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பல்லாவரம் பக்கத்தில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் அவளுக்கு பேக்கிங் வேலை. அரை நாள் லீவு என்று சொல்லிவிட்டு வந்தது முழு நாளாகப் போய்க்கொண்டிருந்தது.

கையில் இ.எஸ்.ஐ. கார்டு, கம்பெனித் தொழிலாளிகளுக்கு சர்க்கார் தருகிற வைத்திய இன்சூரன்ஸ் கார்டு. பத்து வருஷத்துக் கார்டு. மாதம் தவறாமல் சம்பளத்தில் பிடித்தார்களே தவிர, அவள் அதை ஒரு தலைவலிக்குக்கூட எங்கேயும் நீட்டியது கிடையாது. உடம்பு அப்படி. நோய் வந்து படுக்கிற வசதியெல்லாம் அவளுக்கு யார் கொடுத்தார்கள்?

"எங்கம்மாவுக்கு ஆபரேசன் பண்ணணும் சார். கார்டு கீது. இன்னா எழுதித் தரணும் சொல்லுங்க" என்றாள்.

அவர் கார்டைப் புரட்டினார். "அம்மாவுக்கு இல்லையேம்மா."

"இன்னா சார் இல்லன்றீங்க? வயசானவங்களுக்கும் உண்டுன்னு கம்பெனியில சொன்னாங்களே. எங்களாண்ட வேலை செய்யற ஐசக்கு அவங்க அப்பாவ உங்க ஆஸ்பத்திரியிலதான் வச்சிக் காப்பாத்தினான்."

"ஐசக் ஆம்பளை."

அவளுக்கு விளங்கவில்லை. ஐசக் ஆம்பளை என்பது கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம்தான். அதற்கும் ஆபரேஷனுக்கும் என்ன சம்பந்தம்?

முத்துகிருஷ்ணன் கெட்டவர் இல்லை. களைத்த மனிதர். ஒரு நாளைக்கு நூறு பேருக்கு இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி அவர் குரலே தேய்ந்துபோயிருந்தது. அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து, விரலை எச்சில் தொட்டுத் திருப்பி, இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொன்னார்.

"கார்டு வச்சிருக்கறவருக்கு உண்டு. அவரோட வீட்டுக்காரியோ வீட்டுக்காரரோ, அவங்களுக்கு உண்டு. அவரை நம்பி இருக்கற சின்னப் பிள்ளைங்களுக்கு உண்டு. அப்புறம், கார்டு வச்சிருக்கறவர் ஆம்பளையா இருந்தா, அவரை நம்பி இருக்கற அப்பா அம்மாவுக்கும் உண்டு."

"பொம்பளையா இருந்தா?"

"அதைப் பத்தி ஒண்ணும் எழுதலை."

"எழுதலன்னா உண்டா, இல்லையா சார்?"

"எழுதலைன்னா இல்லைன்னு அர்த்தம்மா."

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். மலர்க்கொடி ஜன்னல் கம்பியை விடவில்லை. "எங்கம்மாவுக்கு நாந்தான் சார் சோறு போடறேன். பத்து வருசமா. ஐசக்குக்குப் புடிக்கிற மாதிரிதான சார் எனக்கும் புடிக்கிறாங்க? பொம்பளைன்னு கொறச்சலாவா புடிக்கிறாங்க?"

"சட்டம் போட்டது நான் இல்லையே" என்றார் அவர். அப்புறம் ஏதோ ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்தவர் போலக் கார்டைத் தூக்கிப் பார்த்தார். "உன் வீட்டுக்காரருக்கு உண்டு. தாமோதரன்னு பேர் இருக்கே. அவருக்கு ஏதாவதுன்னா கூட்டிக்கிட்டு வா, இன்னிக்கே பார்ப்பாங்க."

தாமோதரன், அவள் வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம் பெங்களூரில் வேலை தேடப் போனவன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது. உயிரோடு இருக்கிறானா என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து தயாராக இருக்கிறது. சட்டம் எழுதின மகராசன்களுக்குப் பொம்பளை என்றால் புருஷன் இருப்பான், பிள்ளை இருக்கும் என்று தெரிந்திருக்கிறது. அவளுக்கும் ஒரு ஆத்தாள் அப்பன் இருப்பார்கள் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அவள் நகராமல் நிற்பதைப் பார்த்து முத்துகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு அண்ணன் தம்பி யாராவது கம்பெனியில வேலை செய்யறாங்களா?"

"ஒரு தம்பி கீறான் சார்."

"அவன் கார்டுல அம்மா பேர் இருந்தா வேலை முடிஞ்சுது. இல்லைன்னா எழுதிச் சேர்க்கச் சொல்லு. அடுத்த ஆள் வாங்க."

அந்தத் தம்பி வரதனோடு அவளும் அம்மாவும் பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை கம்பெனி விட்டதும் எப்போதும் போலச் செங்கல்பட்டு போய், அங்கிருந்து உத்திரமேரூர், அங்கே பஸ் மாறி அம்மா இருக்கிற மாகறல். வாரத்தில் ஐந்து ராத்திரி பல்லாவரத்தில் நாலு பெண்களோடு ஒரே அறையில் சுருண்டு கிடப்பாள். சனி ஞாயிறு இரண்டு ராத்திரி அம்மாவோடு. இந்த முறை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் யோசனை.

அம்மா எல்லம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். அடி இறங்கிப்போயிருந்தது அவளுக்கு. கர்ப்பப்பை தன் இடத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. எப்போதிலிருந்து என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்ல மாட்டாள். பழந்துணியைக் கோவணம் மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டு நாத்து நட்டிருக்கிறாள், களை எடுத்திருக்கிறாள், கதிர்க்கட்டு தூக்கியிருக்கிறாள். போன தை மாசம் ராஜாராம் முதலியார் கழனியில் அறுப்பின்போது வரப்பில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் போனதும், கூட வேலை செய்த சொக்கம்மாள் தூக்கிவந்து போட்டாள். அப்போதுதான் பெற்ற மகளுக்கே தெரியும்.

டவுன் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மூன்று தடவை தேதி கொடுத்தார்கள். மூன்று தடவையும் போய், தாழ்வாரத்தில் சமுக்காளம் விரித்துப் படுத்திருந்து, படுக்கை இல்லை என்று திரும்பினார்கள். அவர்களையும் சொல்லிக் குற்றமில்லை, ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் படுத்திருந்தார்கள். மூன்றாவது தடவை பார்த்த டாக்டரம்மா மலர்க்கொடியைத் தனியாகக் கூப்பிட்டு, "உள்ளே புண் வெச்சிருக்கு. மழைக்காலத்துக்குள்ளே எடுத்தாகணும். விட்டா அது வேற வியாதியாயிடும், அப்புறம் எடுக்கறதுக்கே இருக்காது" என்று சொன்னாள். இப்போது ஆடி பாதி போய்விட்டது.

எல்லம்மாள் சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மலர்க்கொடி கை கால் கழுவி, சோறு வடித்து, இருவரும் சாப்பிட்ட பிறகு விஷயத்தைச் சொன்னாள். ஐசக், புத்தகம், ஆம்பளை எல்லாம் சொல்லி, கடைசியில் வரதன் பேரையும் சொன்னாள்.

"அவன் வூட்டு வாசப்படிய என்னை மிதிக்கச் சொல்றியா?" என்றாள் எல்லம்மாள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பா செங்கேணி செத்தபோது வரதன் தாமலில் மாமியார் வீட்டோடு போய்விட்டிருந்தான். ஆள் போய்ச் சொல்லி அவன் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வந்தான், கொள்ளி வைத்தான். எட்டாம் நாள் மச்சானோடு வந்து, அப்பனுடைய கறவை மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனான். அப்பன் சொத்து ஆம்பளைப் பிள்ளைக்கு என்று மச்சான் நியாயம் பேசினான். எல்லம்மாள் தெருவில் இறங்கி, ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றி, ஊர் கேட்கச் சொன்னாள்: "நான் செத்தா நீ கொள்ளி வைக்கக் கூடாதுடா! நான் பெத்தது ஒண்ணே ஒண்ணு, அது இந்தப் பொண்ணு!" வரதன் மாட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான். அதோடு சரி.

"வாசப்படிய நீ மிதிக்க வேணாம். நான் போய்ப் பேசறேன். நீ கைநாட்டு வச்சா போதும்" என்றாள் மலர்க்கொடி.

"இன்னான்னு பேசுவே? ஆத்தாளுக்கு எது இறங்கிப் போச்சின்னு புள்ளகிட்ட சொல்லுவியா? அதுக்கு நான் கெணத்துல வுழுந்துடுவேன்."

"வுழு. கெணத்துலயும் தண்ணி இல்ல."

சொல்லிவிட்டு மலர்க்கொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பொறுமை தீர்ந்துபோயிருந்தது. "கொள்ளி வைக்கத்தான் ஆம்பளைப் புள்ள வேணும்னு நெனச்சிக்கினு இருந்தேன்மா. ஆஸ்பத்திரியில படுக்கறதுக்கும் அவனேதான் வேணுமாம். நான் எத்தினி வருசம் ஒழைச்சாலும் உனக்கு நான் ஆவமாட்டனாம். புக்குல போட்டுக்கீது. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

பாத்திரத்தை ஒதுக்கி வைக்கலாம் என்று எழுந்த எல்லம்மாள், பாதி எழும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற அந்த நிலையிலேயே சொன்னாள்: "போ. போய்ச் சொல்லு. இன்னா வியாதின்னு மட்டும் சொல்லிடாத."

ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் போய் பஸ் மாறி தாமலில் இறங்கினாள் மலர்க்கொடி. ஏரிக்கரை ஓரமாகவே நடந்தாள். வழி நெடுக வரதன் என்னவெல்லாம் சொல்வான், தான் என்னவெல்லாம் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். மாட்டைப் பற்றிப் பேசக் கூடாது. மச்சானைப் பற்றிப் பேசக் கூடாது. காலில் விழச் சொன்னால் விழுந்துவிட வேண்டியதுதான். இடுப்பில் தூக்கி வளர்த்த பயலின் காலில் விழுவது ஒரு வெட்கம் என்றால், ஆத்தாளைச் சாகவிடுவது அதைவிட வெட்கம்.

வரதன் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். ராணிப்பேட்டை பக்கம் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. அக்காவைப் பார்த்ததும் எழுந்தான். வா என்று சொல்ல வாய் வரவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் பெண்சாதி அம்முலுதான் ஓடிவந்து, "வாங்க அண்ணி" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

மலர்க்கொடி தண்ணீரைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். "அம்மாவுக்கு ஆபரேசன் பண்ணணும்டா. என் கார்டு செல்லாதாம். உன் கார்டுலதான் ஆவுமாம்."

"எங்க நோவு?"

"வயித்துல."

"வயித்துல இன்னா?"

"பொம்பளைங்க சமாசாரம்டா. கேக்காத."

வரதன் கவிழ்ந்து கிடந்த சைக்கிள் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே போனான். தகரப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து கார்டை அவளிடம் நீட்டினான்.

மலர்க்கொடி எட்டாவது வரை படித்தவள். குடும்பத்தார் பேர் எழுதின பக்கத்தை விரலால் தொட்டுப் படித்தாள். அம்முலு பேர் இருந்தது, இரண்டு பிள்ளைகள் பேர் இருந்தது. அவர்களுக்கெல்லாம் மேலே, முதல் வரியில் செங்கேணி, தகப்பனார் என்று எழுதி அடித்திருந்தது. இரண்டாவது வரியில், மங்கிப்போன மசியில், எல்லம்மாள், தாயார்.

அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். "இது எப்படா எழுதினது?"

"சேந்த அன்னிக்கு. அப்ப எனக்குக் கண்ணாலம் ஆவல. வூட்ல யாரு கீறாங்கன்னு கேட்டான், சொன்னேன்."

"அம்மா மண்ணை வாரி வுட்டப்புறமும் வுட்டு வச்சிக்கீறியே?"

"அப்பா பேரை அடிக்கப் போனேன். அப்பவே இதையும் அடிச்சிடட்டுமான்னு அந்த ஆளு கேட்டான். அதுக்கு வேற இன்னொரு பாரம் எழுதணும்னான். பேஜாருன்னு வுட்டுட்டேன்." சொல்லிவிட்டுச் சைக்கிள் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் சொன்னது நிஜமா, நிஜத்தை மறைக்கச் சொன்ன சாக்கா என்று மலர்க்கொடிக்குப் பிடிபடவில்லை. சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான், மனசில் உள்ளதைக் கத்தி வைத்துக் கேட்டாலும் சொல்ல மாட்டான். அவளுக்கு அந்த நிமிஷம் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ ஆத்திரம்தான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, தாமலில் ஒரு தகரப் பெட்டிக்குள் மருந்தும் கட்டிலும் சும்மா கிடந்திருக்கிறது. அங்கே ஒருத்தி கந்தைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் நின்றிருக்கிறாள்.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூடாதாடா பாவி?"

"யாருகிட்ட சொல்றது? கொள்ளி வைக்க வராதன்னவங்ககிட்ட போயி, வைத்தியம் பாக்கறேன் வான்னு சொல்லவா?" அவன் குரல் உடைந்தாற்போல் இருந்தது. பஞ்சர் ஒட்டுகிற ரப்பரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். "புதன்கிழமை லீவு போடறேன். அம்மாவ இஸ்துக்கினு வந்துடு."

புதன்கிழமை இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில் ஒரு உறுதிமொழிப் பாரம் கொடுத்தார்கள். எல்லம்மாள் பெஞ்சியில் இந்தக் கோடியில், வரதன் அந்தக் கோடியில். இருவருக்கும் நடுவில் மலர்க்கொடி பாரத்தை வைத்துக்கொண்டு, அம்மா கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று வாய்விட்டுப் படித்தாள். மேற்படி எல்லம்மாள் என்னுடைய தாயார் என்றும், வேறு எந்த வருமானமோ ஆதரவோ இல்லாமல் முழுவதும் என்னுடைய சம்பாத்தியத்தை நம்பியே ஜீவிக்கிறார் என்றும் இதனால் உறுதி கூறுகிறேன்.

வேறு எந்த ஆதரவும் இல்லாமல் என்கிற இடத்தில் அவள் விரல் நின்றது. கனைத்துக்கொண்டு மேலே படித்தாள். எல்லம்மாள் ஒரு தடவை மகளைப் பார்த்தாள். பிறகு கட்டை விரலை மசியில் ஒற்றி, அவள் காட்டின இடத்தில் வைத்தாள். வரதன் கையெழுத்துப் போட்டான். அவன் விரலிலும் மசி ஒட்டிக்கொண்டது. அம்மா தன் முந்தானையை நீட்டி, "தொடச்சிக்கோ நைனா" என்றாள். நாலு வருஷத்தில் அவள் அவனிடம் பேசின முதல் வார்த்தை அது. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

மறு வாரம் ஆபரேஷன் நடந்தது. புண் வேறு மாதிரி ஆகவில்லை, தப்பித்தாள் கிழவி என்றார் டாக்டர். பெண்கள் வார்டில் பார்வையாளர் நேரம் தவிர ஆண்களை விட மாட்டார்கள்; வரதன் அந்த நேரத்தில் ஒரே ஒரு நாள் வந்து, கட்டிலின் கால்மாட்டில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு, பிஸ்கோத்துப் பொட்டலம் வைத்துவிட்டுப் போனான். மலர்க்கொடி கம்பெனியில் சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பெட்பான் எடுப்பது, துணி அலசுவது, புரட்டிப் படுக்கவைப்பது, கஞ்சி வாங்கிவருவது எல்லாம் அவள்தான். கட்டிலுக்கு அடியில் காலை நீட்டக்கூட இடமில்லாத இடத்தில் படுத்து எழுந்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

ஆறாம் நாள் மத்தியானம் கஞ்சியோடு திரும்பி வந்தபோது எல்லம்மாளுக்குப் பேச்சு வந்துவிட்டிருந்தது. பக்கத்துக் கட்டில் கோவிந்தம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எம் புள்ள வேலைக்குச் சேந்த அன்னிக்கே என் பேரை எழுதி வச்சிட்டான்மா. பொண்டாட்டி வர்றதுக்கு முன்னாடியே. நான் அவனை வாயில வந்தபடி பேசினேன், தெருவுல நின்னு பேசினேன். அப்பவும் அவன் என் பேரை அடிக்கலம்மா. அப்படியே வச்சிக்கினு இருந்தான். எந்தப் புள்ள செய்வான், சொல்லு?"

"குடுத்து வச்சவங்க நீங்க" என்றாள் கோவிந்தம்மாள். "இது யாரு, மருமவளா?"

"இல்ல, எம் பொண்ணு" என்றாள் எல்லம்மாள். சொல்லிவிட்டு மறுபடி வரதனுக்கே போய்விட்டாள்.

மலர்க்கொடிக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பத்து வருஷமாக சனிக்கிழமை சனிக்கிழமை அரிசி சுமந்து வந்தவள் அவள். ஒரு வரி எழுதினவன் அவன். அதையும் அடிக்கச் சோம்பல்பட்டு விட்டவன். பேஜாருன்னு வுட்டுட்டான்மா, அவ்ளோதான், இன்னொரு பாரம் எழுதறதுக்கு அலுப்பு அவனுக்கு. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒரு மூச்சு.

எல்லம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். வலியில் இத்தனை மாதமாகச் சுருங்கிக் கிடந்த முகம் விரிந்திருந்தது. "ஏம்மே, நெசமாவே அவன் அடிக்கலதான? நீ பாத்தே இல்ல?"

மலர்க்கொடி கஞ்சியை ஒரு தரம் கலக்கினாள்.

"பாத்தேன்மா. அடிச்சிடட்டுமான்னு அந்த ஆளு கேட்டானாம். வேணாம்னு சொல்லிட்டானாம்."

எல்லம்மாளின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதோரம் இறங்கியது. அதை மகள்தான் துடைத்துவிட்டாள். "பாத்தியா, பாத்தியா" என்று கோவிந்தம்மாளுக்குக் கேட்கும்படி இரண்டு தடவை சொன்னாள் எல்லம்மாள். கொஞ்ச நேரம் கழித்து, மகளுடைய முகத்தில் எதையோ கண்டவள் போல, "நீ இன்னாத்துக்கு மூஞ்ச அப்படி வச்சிக்கிற? உன்னை எங்கியாச்சும் எழுதி வைக்கணுமா இன்னா? எழுதாட்டியும் நீ கீறே" என்றாள்.

எங்கேயாவது எழுதித்தான் வையேன் என்று மலர்க்கொடிக்கு இருந்தது. பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு வரி போதும். அதைக் கேட்க அவளுக்குத் தெரியவில்லை, கேட்டாலும் எந்த ஜன்னலில் போய்க் கேட்பது? அழுகை வந்தது, அழுவதற்கும் களைப்பாக இருந்தது.

"வாயைத் தொறம்மா" என்றாள். "கஞ்சி ஆறுது."